சம்பந்தியம்மா கேட்ட மன்னிப்பு

அத்தியாயம் 11

பெற்ற தாய் மகளிடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருக்கிற அநியாயத்தைப் பற்றிப் போன வாரம் கொதித்துவிட்டு நிறுத்தினேன். இந்த வாரமும் கொதிப்பு அடங்கவில்லை. அடங்குகிற மாதிரி ஒன்றும் நடக்கவும் இல்லை.

இந்த வாரம்தான் கதைக்குள் நுழைகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் மூன்றே பேர். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற மருமகள். லிஃப்ட் மெக்கானிக் புருஷன். ரயில் நிலைய ஒலிபெருக்கியில் பேசிப் பேசியே ஓய்வு பெற்ற மாமனார். மாமியார் காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. வேறொரு ஊரில், தையல் மெஷினும் தானுமாக மருமகளின் அம்மா.

அந்த அம்மாதான் மகளிடம் கேட்டாள்: "பெரியவங்க கையால வாங்கிச் சாப்பிடறது உனக்குத் தொண்டையில எப்படி இறங்குது?"

மாமனார் வீட்டில் குடியிருப்பதைத்தான் அம்மா குத்திக் காட்டுகிறாள் என்று மகள் நினைத்தாள். வேறு என்ன நினைப்பாள்? "அது எங்க வீட்டு விஷயம். நீ தலையிடாதே" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டாள். அதிலிருந்து அம்மாவிடம் கேட்டால் பதில் வரும், அவ்வளவுதான். சாப்பிட்டியா என்றால் ம். உடம்பு எப்படி என்றால் இருக்கு. தைக்கணும், வைக்கறேன்.

அம்மா எதற்காக அப்படிக் கேட்டாள் என்பது இன்று மத்தியானம்தான் தெரிந்தது. அதுவும் யார் மூலமாக என்றால், கண்ணாடிக் கடையில் பில் போடுகிற அக்கா மூலமாக.

கடையின் பின்னறையில், மெஷின்களுக்கு நடுவில், இரண்டு பேரும் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பில் அக்காவின் இடது கையில் எப்போதும் போல போன்.

"இந்த குரூப்ல நீயும் சேருன்னு எத்தனை தடவை சொல்றேன்" என்றாள் அக்கா.

"வீட்டுக்குப் போய்ச் சமைக்கவே மூச்சு வாங்குது. இதுல படம் வேற பிடிச்சுப் போடணுமா?"

'இன்னிக்கு ராத்திரி என்ன?' என்பது அந்த குரூப்பின் பெயர். எங்கெங்கோ இருக்கிற பல நூறு வீடுகள். சாயங்காலம் ஆனால் அவரவர் அடுப்பில் இருப்பதைப் படம் எடுத்துப் போட்டு ஒரு வரி எழுதுவார்கள். 'கீரையும் முட்டையும். வீட்டில் வேறு ஒன்றும் இல்லை.' 'நேற்று மிஞ்சிய சோற்றை வறுத்துவிட்டேன், ஏன் என்று கேட்காதீர்கள்.' 'காய் அடிப்பிடித்துவிட்டது. அதைத்தான் சாப்பிடப் போகிறோம்.' ஜம்பம் அடிப்பவர்களை அங்கே யாரும் சீண்டுவதில்லை. அடிப்பிடித்த சட்டியைக் கூசாமல் காட்டுகிறவர்களுக்குத்தான் மதிப்பு. அதனால்தான் அக்காவுக்கு அந்த குரூப் மேல் அத்தனை பிரியம்.

"இவரைப் பாரு. ரயில் ஐயான்னு கூப்பிடுவோம். வயசான மனுஷன், தினமும் விதவிதமாச் செய்யறாரு. இன்னிக்கு சாயங்காலம் வீடியோவுல நேரடியாவே செஞ்சு காட்டப் போறாரு, எல்லாரும் காத்துக்கிட்டு இருக்கோம். இவருக்கு ஒரு மருமக இருக்கா. குடுத்து வச்சவ. நகத்துல அழுக்குப் படாம உக்காந்து சாப்பிடறா."

அக்கா போனைத் திருப்பி, போன வாரம் அவர் போட்ட ஒரு படத்தைக் காட்டினாள். அடுப்பின் மேல் ஒரு சூப் பாத்திரம். அதன் மூடியில் பிடிக்குப் பதிலாக ஒரு லிஃப்ட் பட்டன்.

இவள் வீட்டில் மூடியின் பிடி உடைந்தபோது, பழைய லிஃப்டிலிருந்து கழற்றிய ஒரு பட்டனைப் புருஷன் கொண்டுவந்து திருகி மாட்டினான். நான்காம் மாடிக்குப் போகிற பட்டன். உலகத்தில் வேறு எந்த வீட்டிலும் சூப் நான்காம் மாடிக்குப் போகாது.

அவள் போனைப் பிடுங்காத குறையாக வாங்கிப் படித்தாள்.

'மருமகள் வேலைக்குப் போய்க் களைத்து வருகிற பெண். அடுப்புப் பக்கம் வர அவளுக்கு ஏது நேரம்? இன்று இரவு என் கையால் பூசணி சூப். வெங்காயத்தைத் தோலோடு கரியாகச் சுட்டுப் போடுவது என் தாயார் காட்டிய முறை.'

தாயாராம். அந்த வெங்காயம் யாருடையது தெரியுமா? இவளுடைய அம்மாவுடையது. ஒரு நாள் அவசரத் தையல். அடுப்பில் சுடப்போட்ட வெங்காயம் மறந்துபோய்க் கரிக்கட்டையாகிவிட்டது. தூக்கி எறிய மனசு வராமல் அதை அப்படியே கொதிக்கிற சூப்பில் போட்டாள். அன்றைக்கு அந்த வீட்டில் எல்லாரும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக் குடித்தார்கள். அதற்குப் பிறகு வேண்டுமென்றே கருக்க ஆரம்பித்தாள். மகளுக்கும் சொல்லிக் கொடுத்தாள்.

அந்த மகள் கடையிலிருந்து திரும்பி, செருப்பைக் கழற்றின கையோடு அடுப்பைப் பற்றவைத்துச் செய்கிற சூப் இது. மாமனார் சமையலறை வாசலில் வந்து நிற்பார். "என்ன அம்மாடி இன்னிக்கு? வாசனை ஆளைத் தூக்குதே" என்பார். எப்படிச் செய்வது என்று அக்கறையாகக் கேட்பார். "பாக்கவே அழகா இருக்கு, ஒரு படம் எடுத்துக்கறேன்" என்பார். இவளும் பூரித்துப் போய் மூடியைத் திறந்து காட்டுவாள். உங்கப்பா மாதிரி என் சமையலைப் பாராட்டினவங்க யாருமே இல்லை என்று புருஷனிடம் சொல்லி மாய்ந்து போயிருக்கிறாள், பைத்தியக்காரி.

படத்துக்குக் கீழே ஊர் கூடி இவளைக் கரித்துக் கொட்டியிருந்தது. 'இந்தக் காலத்துப் பெண்களுக்கு வெட்கமே இல்லை.' 'வேலைக்குப் போனால் கொம்பு முளைத்துவிடுமா?' 'பாவம் ஐயா, உங்களுக்கு இந்த வயதில் இப்படி ஒரு தலைவிதி.' ஒவ்வொன்றுக்கும் ஐயா ஒரு கும்பிடு போட்டிருந்தார்.

அவள் பழைய படங்கள் வரைக்கும் கீழே தள்ளிக்கொண்டே போனாள். ஒரு இடத்தில் கை நின்றது. அம்மாவும் இந்த குரூப்பில் இருக்கிறாள் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

'நான் அந்தப் பெண்ணின் அம்மா. என் மகளை நான் சரியாக வளர்க்கவில்லை. இந்த வயதில் உங்களை அடுப்பில் நிற்க வைத்ததற்கு என்னை மன்னிக்க வேண்டும் சம்பந்தி.'

அதற்கும் அவர் பதில் போட்டிருந்தார். 'பெரிய வார்த்தை வேண்டாம் சம்பந்தியம்மா. குழந்தைதானே. போகப் போகச் சரியாகிவிடுவாள்.'

சொல்லுங்கள், இதைப் படித்தால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது? தன்னைத் திட்டியதைக்கூட அவள் பொறுத்திருப்பாள். அம்மா யாரிடமும் தலை குனிந்து அவள் பார்த்ததில்லை. தைத்த துணியைக் குறை சொன்னவர்களிடம்கூட அளவுநாடாவை எடுத்து நீட்டி, நீங்களே அளந்து பாருங்க என்கிற மனுஷி. அந்த மனுஷியை முன்பின் தெரியாத பல நூறு பேர் முன்னால் மன்னிப்புக் கேட்க வைத்துவிட்டார்கள். எதற்கு? நடக்காத ஒன்றுக்கு.

"என்னடி, முகம் ஏன் இப்படிப் போகுது?" என்றாள் பில் அக்கா.

"அக்கா, இவர் என் மாமனார். அந்த மருமக நான்தான். இதுல இருக்கிற எல்லாத்தையும் சமைச்சதும் நான்தான்."

அக்காவின் கையிலிருந்த சோற்று உருண்டை டப்பாவுக்குள்ளேயே விழுந்தது. "நானும் ஒரு தடவை எழுதியிருக்கேன்டி. கொம்பு முளைச்சிடுமான்னு எழுதினது நான்தான்" என்றாள்.

"பரவாயில்லக்கா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சாயங்காலம் நான் எல்லாரையும் வச்சுக்கிட்டு நாறடிக்கவா?"

"வேண்டாம். நானே பாத்துக்கறேன். நீங்க வாயைத் திறக்கக் கூடாது."

சாப்பாட்டுக்குப் பிறகு மெஷினில் உட்கார்ந்தவள், ஒருவருடைய இடது கண் லென்ஸை ஃப்ரேமின் வலது பக்க வட்டத்துக்குத் தேய்த்துத் தள்ளிவிட்டாள். இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு தப்பு அவள் கையில் நடந்ததில்லை. கடைக்காரர் சுருங்கிய முகத்தோடு வந்து நின்றார். உடம்பு சரியில்லையா என்று கேட்டார். மனசு சரியில்லை சார் என்று சொல்லிவிட்டுச் சீக்கிரமே கிளம்பினாள்.

வீட்டுக் கதவைத் திறந்ததும் சமையலறையில் ஆணி அடிக்கிற சத்தம். புருஷன் வேலையிலிருந்து முன்னதாகவே வந்து, அலமாரிச் சட்டத்தில் போனை மாட்டுவதற்கு ஒரு கவ்வியைப் பொருத்திக்கொண்டிருந்தான். மேடை துடைத்துப் பளபளவென்று இருந்தது. இவள் வந்த பிறகு ஒரு நாளாவது அவன் மேடையைத் துடைத்திருப்பானா என்று கேட்டால், இல்லை.

"அட, சீக்கிரம் வந்துட்டியா? நல்லதாப் போச்சு" என்றான். "அப்பா ஒரு சின்ன உதவி கேக்கறாரு. நீ காய் நறுக்கி, எல்லாத்தையும் எடுத்து வச்சு, ஒரு கொதி வரைக்கும் கொண்டு வந்துட்டு ஓரமா நின்னுக்கோ. மீதியை அவர் பாத்துப்பாரு."

அதாவது, அவனுக்கும் தெரியும்.

"எப்போலேர்ந்து தெரியும் உங்களுக்கு?"

சுத்தியலைக் கீழே வைத்தான். பேய் முழி முழித்தான். "ஆரம்பத்துலயே. படம் இருட்டா விழுதுன்னாரு. நான்தான் லைட் போட்டு எடுக்கச் சொல்லிக் குடுத்தேன்."

"எழுதினதைப் படிச்சீங்களா?"

"எல்லாம் இல்ல. கொஞ்சம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "அம்மா போனதுக்கப்புறம் அவர் சிரிச்சே நான் பாக்கல. ஏதோ பத்துப் பேர் நல்லா இருக்குன்னு சொல்றாங்க. இருந்துட்டுப் போகட்டுமேன்னு விட்டுட்டேன். உனக்கு இதுல என்ன நஷ்டம்?" என்றான்.

"அந்தப் பத்துப் பேரும் என்னைத் திட்டறாங்க."

"உன்னைன்னு யாருக்குத் தெரியும்? பேரா போட்டிருக்கு?"

"எங்கம்மாவுக்குத் தெரியும்" என்றாள். அம்மா எழுதிய வரிகளை அப்படியே சொன்னாள். ஒரு எழுத்துக்கூட மறந்திருக்கவில்லை. அதற்கு மாமனார் போட்ட பதிலையும் சொன்னாள்.

அவன் உண்மையிலேயே அதைப் படித்திருக்கவில்லை போலிருக்கிறது. முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் வாய் சும்மா இருக்கிறதா பாருங்கள். "இன்னிக்கு ஒரு நாள் மட்டும் விட்டுக் குடு. எல்லாரும் வரப்போறாங்க. அப்பா மானம் கப்பலேறிடும்."

"எங்கம்மா மானம் ஏறின கப்பல் எங்க இருக்குன்னு நீங்க கேட்டீங்களா?"

அவன் கவ்வியின் திருகை இறுக்குகிற மாதிரி திரும்பிக்கொண்டான்.

மாமனார் உள்ளறையில் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டிருந்தார். மருமகள் வாசலில் நின்றாள்.

"மாமா, பூசணி சூப்ல போடற வெங்காயம் யாரோட முறை?"

சீப்பு அப்படியே நின்றது. சில பேருக்குப் பொய் பிடிபட்டால் கோபம் வரும். அவருக்கு வரவில்லை, அதை மட்டும் அவர் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"முதல் நாள் நான் பொய் சொல்லல அம்மாடி. இன்று இரவு எங்கள் வீட்டில், அப்படின்னுதான் போட்டேன். ஒருத்தர் நீங்களா செஞ்சீங்கன்னு கேட்டாங்க. ஆமான்னு போட்டுட்டேன். ஒரே ஒரு ஆமா. அடுத்த நிமிஷம் கைதட்டல், பூங்கொத்து, என்னென்னமோ வருது. அதுக்கப்புறம் அந்த ஆமாவைத் திரும்ப எடுக்க முடியல."

"சரி, ஆமா வாய் தவறி வந்துடுச்சு. மருமக அடுப்புப் பக்கமே வரமாட்டான்னு எழுதினது?"

"வீட்ல பொண்ணு இருக்கறப்ப நீங்க ஏன் சமைக்கறீங்கன்னு கேட்டாங்க. ஏதாவது காரணம் சொல்லணுமே."

"காரணத்துக்கு நான்தான் கெடச்சேனா?"

அவர் தரையைப் பார்த்தார்.

"எங்கம்மா உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டாங்க மாமா. அப்பவாவது சொல்லியிருக்கலாம். நீங்க அதை வாங்கி வச்சுக்கிட்டீங்க. நான் போகப் போகச் சரியாயிடுவேன்னு வேற சொன்னீங்க. எங்கம்மா என்கிட்ட பேசறதில்ல, தெரியுமா உங்களுக்கு? நான் தினமும் உங்களுக்குச் சோறு போட்டுட்டு, அப்புறம் போன்ல அம்மாகிட்ட ம், இருக்கு, வைக்கறேன்னு வாங்கிக்கிட்டு இருக்கேன்."

அழக்கூடாது என்று பல்லைக் கடித்தாள். அழவேண்டியவள் அவள் இல்லையே.

மாமனார் எழுந்து நின்றார். "இன்னிக்கே சொல்லிடறேன். எல்லார் முன்னாலயும். சம்பந்தியம்மாவும் வருவாங்க. நீ வழக்கம்போல அடுப்புக்கிட்ட நில்லு. முதல்ல இதைச் சொல்லிட்டுத்தான் மறு வேலை."

நம்பினாள். அவள் இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருப்பேன், ஏனென்றால் அந்தக் குரல் அப்படிப்பட்டது. அந்தக் குரலில் வண்டி தாமதம் என்று கேட்டால் ஜனங்கள் முணுமுணுக்காமல் பெஞ்சில் போய் உட்காருவார்களாம். அவள் முகம் கழுவிவிட்டு வந்து பூசணிக்காயை நறுக்கினாள். வெங்காயத்தை நெருப்பில் காட்டினாள்.

நேரம் ஆனது. புருஷன் போனைக் கவ்வியில் மாட்டினான். திரை நிறையக் கட்டம் கட்டமாக முகங்கள். ஒரு கட்டத்தில் பில் அக்கா, உதட்டை இறுக்கிக்கொண்டு. இன்னொரு கட்டத்தில் அம்மா. கழுத்தில் அளவுநாடா, பின்னால் தொங்குகிற பள்ளிச் சீருடைகள். மகள் ஓரமாகத் தெரிந்ததும் அம்மா பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மாமனார் நடுவில் வந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"அன்பு உள்ளங்களுக்கு வணக்கம். சமையலைத் தொடங்குவதற்கு முன்னால் உங்களிடம் ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும்."

மருமகள் அடுப்பைக் குறைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

அதற்குள் திரையில் இதயங்கள் பறக்க ஆரம்பித்துவிட்டன. ஐயா குரலைக் கேட்கவே வந்தோம் என்றார் ஒருவர். எங்க வீட்டுக்காரரையும் பக்கத்துல உக்கார வச்சிருக்கேன், பாத்துக் கத்துக்கட்டும் என்றார் இன்னொருவர். மாமனார் திரையைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார், மறுபடியும் திரையைப் பார்த்தார்.

"அந்த உண்மை என்னவென்றால், இத்தனை நாளும் நான் செய்ததை இன்றைக்கு என் மருமகள் செய்யப் போகிறாள். பக்கத்தில் நின்று கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிக் கொடுத்து, அவளைத் தேற்றிவிட்டேன்."

எப்படி இருக்கிறது? திருடியது போதாதென்று, திருட்டுக் கொடுத்தவளுக்கு வாத்தியாராகவும் ஆகிவிட்டார்.

கைதட்டல் அடங்கினதும் ஒரு குரல் கேட்டது. அம்மாவின் குரல். "சந்தோஷம் சம்பந்தி. இப்பவாவது கத்துக்கட்டும்."

மருமகள் கையிலிருந்த கரண்டியை மேடையில் வைத்தாள். சத்தம் போடாமல்தான் வைத்தாள். போனுக்கு நேராக வந்து நின்றாள்.

"மாமா, எனக்கு இன்னும் கை வரல. நீங்களே ஒரு தடவை செஞ்சு காட்டுங்க. முதல்ல உப்பைப் போடுங்க."

புருஷன் "ஏய்" என்றான், யாருக்கும் கேட்காமல்.

அலமாரியில் ஒரே அளவில் டப்பாக்கள் வரிசையாக இருந்தன. எதிலும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. தினமும் எடுக்கிறவளுக்கு எழுதி ஒட்டுவானேன்? மாமனார் சிரித்துக்கொண்டே முதல் டப்பாவைத் திறந்தார். காப்பித்தூள். இரண்டாவது மிளகு. மூன்றாவதைத் திறந்தபோது சிரிப்பு பாதியாகிவிட்டது. அதில் பருப்பு இருந்தது. நான்காவதில் வெள்ளையாக இருந்ததும் நிம்மதியாகிக் கரண்டி நிறைய அள்ளினார்.

"சம்பந்தி" என்றாள் அம்மா. "மணி மணியா இருக்கே. அது சர்க்கரை."

கரண்டி பாத்திரத்துக்கு மேல் அப்படியே நின்றது. உப்பு அவர் முழங்கைக்குப் பக்கத்தில், கண்ணாடி ஜாடியில், எல்லாருக்கும் தெரிகிற மாதிரி இருந்தது. இதயங்கள் பறப்பது நின்றுபோனது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பல நூறு வீட்டுச் சமையற்காரர்கள். சொந்த வீட்டுச் சமையலறையில் உப்பைத் தேடுகிறவர் தினமும் சமைக்கிறவரா என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

"பாப்பா" என்றாள் அம்மா. எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்தப் பெயர். "அந்தப் பூசணிக்காயை யார் நறுக்கினா?"

"நான்தாம்மா."

"நேத்து?"

"நேத்தும் நான்தான்."

"அதுக்கு முந்தி?"

"எல்லா நாளும் நான்தாம்மா. கடையிலேர்ந்து வந்து."

புருஷனின் கை போனை அணைக்க மெல்ல நீண்டது. "தொடாதீங்க" என்றாள் அவள். கை பின்வாங்கியது.

அம்மா நாற்காலியை விட்டு எழுந்தாள். திரைக்கு வெகு அருகில் வந்தாள். "சம்பந்தி, நான் உங்ககிட்ட ஒரு மன்னிப்புக் கேட்டேன். இவ்வளவு பேரும் படிச்சாங்க. அதை எனக்குத் திருப்பிக் குடுங்க."

அவர் வாயைத் திறந்தார். வெண்கலக் குரல் என்று பேர் வாங்கின மனுஷனுக்குக் காற்றுதான் வந்தது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் கூப்பினார்.

"மன்னிச்சிடுங்க சம்பந்தியம்மா. நான் ஒரு நாள்கூடச் சமைக்கல. எல்லாம் அவ செஞ்சது. வெங்காயமும் உங்களுதுன்னு எனக்குத் தெரியும். அவ சொல்லியிருக்கா."

"எல்லாரும் கேட்டீங்கல்ல?" என்று அம்மா மற்ற கட்டங்களைப் பார்த்துக் கேட்டாள். யாரோ ஒருவர் கேட்டோம் என்றார். பில் அக்கா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள்.

இத்தோடு முடிந்தது, அம்மாவும் மகளும் ராசியாகிவிட்டார்கள் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் மகள் இன்னும் நகரவில்லை.

"அம்மா."

"சொல்லு பாப்பா."

"அதை நீ வச்சுக்காத. என்கிட்ட குடு."

அம்மாவுக்குச் சட்டென்று விளங்கவில்லை.

"அந்த மன்னிப்பு எனக்கு வரவேண்டியதும்மா. அவர் எழுதினதை நீ நம்பினே. என்னை வளத்தவ நீ, என் கை உனக்குத் தெரியாதா? ஊர்ல இருக்கிறவங்ககிட்டல்லாம் எழுதத் தெரிஞ்சுது. எனக்கு ஒரு போன் போட்டு, நீ சமைக்கறியா இல்லையாடின்னு ஒரு வார்த்தை கேக்கத் தோணல."

அம்மா கழுத்திலிருந்த அளவுநாடாவைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டாள். அவள் பதில் யோசிக்கும்போது அப்படித்தான் செய்வாள் என்று மகளுக்குத் தெரியும்.

"கேட்டிருக்கணும்" என்றாள் கடைசியில். "தப்புதான். ஆனா போன்ல குடுக்கறது இல்ல அது. நாளைக்கு வர்றேன். நேர்ல குடுக்கறேன்."

"வா. ஆனா வந்ததும் முந்தானையைச் செருகிக்கிட்டு அடுப்புக்கிட்டப் போயிடாத. நானும் போகமாட்டேன். நாளைக்கு ராத்திரி இங்க மாமா சமையல். கூட உன் மாப்பிள்ளை."

மாப்பிள்ளை சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான்.

மாமனார் மருமகளின் பக்கம் குனிந்தார். "அம்மாடி, அரிசி எவ்வளவு போடணும்?" என்று கிசுகிசுத்தார். கேலி இல்லை. நிஜமாகவே அவருக்குத் தெரியாது.

"என்கிட்ட ஏன் கேக்கறீங்க? அதுக்குத்தானே குரூப். எல்லாரும் இருக்காங்க, கேளுங்க."

அவர் திரையைப் பார்த்துத் திரும்பினார். அத்தனை முகங்களும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. அந்த குரூப்பில் அவர் கேட்ட முதல் உண்மையான கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன்.

"அரிசி எவ்வளவு போடணும்னு யாராவது சொல்ல முடியுமா?"

கோபம் எல்லாருக்கும் இருந்தது. சில கட்டங்கள் பேசாமலேயே அணைந்தன. கடைசியில் அம்மாதான் கேட்டாள்.

"எத்தனை பேருக்கு?"

மாமனார் விரலை மடக்கினார். தன்னை, மகனை, மருமகளை, நாளைக்கு வரப்போகிற சம்பந்தியம்மாவை.

"நாலு பேருக்கு" என்றார்.

"நான் சாப்பிடறேன்னு இன்னும் சொல்லல" என்றாள் அம்மா.